அழுத்தினால் எரியும், மறுபடி அழுத்தினால் அணையும்: ஃபிளிப்-ஃபிளாப்புக்குள் என்ன நடக்கிறது?

ஒரே ஒரு பட்டன், ஒரு விளக்கு. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது. கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் அணைகிறது. விரல் இரண்டு முறையும் செய்தது ஒரே வேலைதான். சர்க்யூட்டுக்குள் போன சிக்னலும் ஒன்றுதான். விடை மட்டும் வேறு.

ஆண்ட், ஆர், நாட் கேட்களை (0, 1 சிக்னல்களைப் பார்த்து 0 அல்லது 1 என்று விடை சொல்லும் குட்டிச் சர்க்யூட்டுகள்) இன்புட்டிலிருந்து அவுட்புட்டை நோக்கி ஒரே திசையில் எத்தனை ஆயிரம் அடுக்கினாலும் இந்தச் சின்ன வேலையைச் செய்ய முடியாது. ஒரு கூட்டல் சர்க்யூட்டுக்கு 3, 5 கொடுத்தால் 8 வரும். இதற்கு முன்னால் அது எதைக் கூட்டியது, எத்தனை முறை கூட்டியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இப்போதைய இன்புட்டை மட்டும் பார்த்து விடை சொல்லும் இந்த வகைக்குக் காம்பினேஷனல் லாஜிக் என்று பெயர். நம் விளக்குக்கோ ‘நான் இப்போது எரிந்துகொண்டிருக்கிறேனா?’ என்பது தெரிந்தாக வேண்டும். கடந்து போனதில் ஒரு துளியாவது உள்ளே தங்க வேண்டும். அப்படித் தங்க இடம் கொடுக்கும் சர்க்யூட்டுகள்தான் சீக்வென்ஷியல் லாஜிக். அந்தத் துளி தங்குகிற இடம் ஃபிளிப்-ஃபிளாப்.

பாடப்புத்தகங்கள் இதை எஸ்ஆர், ஜேகே, டி, டி என்று நான்கு அட்டவணைகளாக ஆக்கி வைத்திருக்கின்றன. (டி இரண்டு முறை வந்தது அச்சுப்பிழை இல்லை. டேட்டாவுக்கு ஒன்று, டாகிளுக்கு, அதாவது இருப்பதைப் புரட்டிப் போடுவதற்கு, ஒன்று. தமிழில் எழுதுகிறவனுக்கு இது நிரந்தரத் தொல்லை.) அட்டவணைகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். ஆனால் ஃபிளிப்-ஃபிளாப்பில் விஷயமே இரண்டு கேள்விகள்தான்: எப்படி நினைவில் வைக்கிறது, எப்போது மாறுகிறது. முதல் கேள்வி சுலபம். இன்ஜினியர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது.

தன் வாலைத் தானே கவ்வும் சர்க்யூட்

ஒரு இன்வர்ட்டரை, அதாவது நாட் கேட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். 0 கொடுத்தால் 1 தரும், 1 கொடுத்தால் 0 தரும். அதன் அவுட்புட்டை இன்னொரு இன்வர்ட்டருக்குக் கொடுங்கள். அந்த இரண்டாவதன் அவுட்புட்டை முதலாவதன் இன்புட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து சேருங்கள். வளையம் தயார். முதலாவதன் வாயில் 0 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 1 தரும். இரண்டாவது அதை 0 ஆக்கும். அந்த 0 மறுபடி முதலாவதன் வாய்க்கே வந்து சேரும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டோம், எங்கும் முரண்பாடு இல்லை. அதனால் இந்த நிலை அப்படியே நிற்கும். 1-இல் தொடங்கினாலும் இதே கதைதான். இரண்டு நிலைகள், இரண்டுமே உறுதியானவை.

இதிலேயே மூன்று இன்வர்ட்டர்களை வளையமாகக் கட்டினால் என்ன ஆகும்? 0 போட்டால் சுற்றி வரும்போது 1 ஆகத் திரும்பும், அடுத்த சுற்றில் 0 ஆகும். எங்கும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அதுவும் பயனுள்ள சர்க்யூட்தான், ரிங் ஆசிலேட்டர் என்பார்கள். ஒரே ஒரு இன்வர்ட்டர் கூடியதில் நினைவு துடிப்பாக மாறிவிட்டது.

இந்த வளையத்தின் கதை டிரான்சிஸ்டருக்கு முந்தியது. 1918-இல் பிரிட்டனில் வில்லியம் எக்கிள்ஸும் ஃபிராங்க் ஜோர்டனும் இரண்டு வெற்றிடக் குழாய்களை ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகும்படி பின்னி, அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். டிரிக்கர் ரிலே என்பது அவர்கள் வைத்த பெயர். ஒரு சின்னத் துடிப்பு வந்து தட்டினால் போதும், சர்க்யூட் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சாய்ந்து அங்கேயே நின்றுவிடும். 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் எண்களைக் கூட்டி வைத்துக்கொள்ளும் 20 அக்குமுலேட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 10 இலக்கங்கள், ஒவ்வொரு இலக்கத்துக்கும் வளையமாகக் கோத்த 10 ஃபிளிப்-ஃபிளாப்புகள். ஒரு இலக்கத்தை வைக்க நான்கு பிட் போதுமே என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். அவர்களோ பத்தில் எது எரிகிறதோ அதுவே எண் என்று வைத்துக்கொண்டார்கள்.

இங்கே ‘சேமித்து வைக்கிறது’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். வளையத்துக்குள் எந்தப் பொருளும் எங்கும் அடைத்து வைக்கப்படவில்லை. இரண்டு இன்வர்ட்டர்களும் ஒன்றையொன்று விடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். மின்சாரம் போனால் பிடி விட்டுப்போகும். மறுபடி மின்சாரம் வரும்போது எந்தப் பக்கம் சாயும் என்பது அந்த இரண்டு இன்வர்ட்டர்களுக்கு இடையே தயாரிப்பில் நேர்ந்த நுண்ணிய வேறுபாட்டையும் அந்த நேரத்து இரைச்சலையும் பொறுத்தது. எந்த டிஜிட்டல் சாதனத்திலும் ரீசெட் என்று ஒரு கம்பி ஓடுவது இதனால்தான். கணினியின் மெயின் மெமரியில் இருக்கும் டிராம் (DRAM) இந்த வழியில் போகவில்லை. அது உண்மையிலேயே ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் மின்னூட்டத்தை ஊற்றி வைக்கிறது. ஊற்றியது ஒழுகும். அதனால் வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. வளையத்துக்கு அந்தக் கவலை இல்லை. பிராசசருக்கு அருகில் இருக்கும் கேஷ் மெமரியின் ஒவ்வொரு பிட்டும் இந்த வளையம்தான், உள்ளே போய் வர இரண்டு வாசல்களையும் சேர்த்து மொத்தம் ஆறு டிரான்சிஸ்டர்.

சரி, வளையம் நினைவில் வைக்கிறது. அதற்கு நாம் சொல்ல வந்ததை எப்படிச் சொல்வது? இன்வர்ட்டருக்குப் பதில் நார் கேட் போட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு இன்புட் கூடுதலாகக் கிடைக்கும். அதன் வழியாகத் தட்டலாம். நார் கேட்டின் குணம் எளிது: ஏதாவது ஒரு இன்புட் 1 ஆனால் போதும், அவுட்புட் 0. எல்லாமே 0 என்றால்தான் அவுட்புட் 1.

மேலே இருக்கும் கேட்டுக்கு ரீசெட் கம்பி, அதன் அவுட்புட் க்யூ. கீழே இருப்பதற்கு செட் கம்பி, அதன் அவுட்புட் க்யூ-பார். ஒன்றின் அவுட்புட் மற்றதன் இரண்டாவது இன்புட். இப்போது செட், ரீசெட் இரண்டும் 0, க்யூ 0, க்யூ-பார் 1 என்று வைத்துக்கொள்வோம். செட்டை 1 ஆக்குகிறேன். கீழ் கேட்டில் ஒரு இன்புட் 1 ஆகிவிட்டதால் க்யூ-பார் 0 ஆகிறது. அந்த 0 மேல் கேட்டுக்குப் போகிறது. அங்கே இப்போது இரண்டு இன்புட்டும் 0, எனவே க்யூ 1. அந்த 1 திரும்பக் கீழ் கேட்டுக்கு வருகிறது. இனி நான் செட்டிலிருந்து கையை எடுத்தாலும் கவலையில்லை, கீழ் கேட்டை 0-இல் பிடித்து வைக்க க்யூ அனுப்பும் 1 இருக்கிறது. நான் சொன்னதை வளையம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. இதுதான் எஸ்ஆர் லாட்ச்.

செட், ரீசெட் இரண்டையும் சேர்த்து 1 ஆக்கினால் என்ன ஆகும் என்பது எல்லாத் தேர்விலும் வரும் கேள்வி. ‘அனுமதிக்கப்படாத நிலை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் அந்த நேரத்தில் ஒன்றும் வெடிக்காது. இரண்டு அவுட்புட்டும் 0 ஆகி அமைதியாக நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால்தான் சிக்கல். இரண்டு கேட்டும் தங்கள் இன்புட் எல்லாம் 0 என்று பார்த்து இரண்டுமே 1 ஆகப் பார்க்கும். ஆனதும் மற்றதன் 1-ஐப் பார்த்து இரண்டுமே 0 ஆகப் பார்க்கும். எது ஒரு நூல் வேகமோ அது ஜெயிக்கும். எது ஜெயிக்கும் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் காட்சியை மறக்காமல் வைத்திருங்கள், பிற்பாடு வேறு வேடத்தில் வரப்போகிறது.

எப்போது என்ற கேள்வி

எஸ்ஆர் லாட்ச் எந்நேரமும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. யார் தட்டினாலும், கண நேரப் பிசிறு ஒன்று வந்து தட்டினாலும், உடனே மாறிவிடும். இதற்கு ஒரு காவலைப் போடுவோம். எனேபிள் என்று ஒரு கம்பி: அது 1 ஆக இருக்கும்போது மட்டும் உள்ளே விடு. கூடவே செட், ரீசெட் என்ற இரண்டு கம்பிகளையும் ஒரே டேட்டா கம்பியாக்கி, ஒன்றுக்கு நேராகவும் மற்றதற்கு இன்வர்ட்டர் வழியாகவும் கொடுத்துவிட்டால் இரண்டும் 1 ஆகும் வம்பே இல்லை. இது டி லாட்ச். எனேபிள் திறந்திருக்கும்வரை டேட்டாவில் எது வந்தாலும் அப்படியே க்யூவில் தெரியும், கண்ணாடி மாதிரி. மூடியதும் கடைசியாக இருந்தது உறைந்துவிடும்.

இந்தக் கண்ணாடித்தன்மைதான் அடுத்த தலைவலி. மூன்று டி லாட்ச்சுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் (கிளாக் என்பது 0, 1 என்று சீராக மாறிக்கொண்டே இருந்து எல்லாவற்றுக்கும் தாளம் போடும் சிக்னல்) ஒரு பிட் ஒரு இடம் நகர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். கிளாக் 1 ஆனதும் மூன்று கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். முதல் லாட்ச்சுக்குள் வந்த பிட் திறந்திருக்கும் இரண்டாவதுக்குள் ஓடி, மூன்றாவதையும் தாண்டி வெளியே போய் நிற்கும். ஒரு இடம் நகரச் சொன்னால் ஓட்டமாக ஓடிவிடுகிறது. கதவு திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு லாட்ச்சைக் கடக்கும் அளவுக்கு நீளமாகவும், இரண்டைக் கடக்க முடியாத அளவுக்குக் குட்டையாகவும் துடிப்பை வெட்டிக் கொடுப்பது, சூடு ஏறினாலே வேகம் மாறும் கேட்களை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா?

தீர்வு அழகானது. இரட்டைக் கதவு உள்ள ஒரு சின்ன அறையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவு திறக்கும், உள்கதவு மூடினால்தான் வெளிக்கதவு திறக்கும். எத்தனை பேர் முண்டியடித்தாலும் ஒரே ஓட்டமாக யாரும் உள்ளே ஓடிவிட முடியாது. அதைப் போல இரண்டு டி லாட்ச்சுகளை அடுத்தடுத்து வைத்து, முதலாவது கிளாக் 0-இல் திறக்கும்படியும் இரண்டாவது 1-இல் திறக்கும்படியும் கட்டுகிறோம். கிளாக் 0 ஆக இருக்கும்போது டேட்டா முதல் அறைவரை வந்து காத்திருக்கும். கிளாக் 1-க்கு ஏறும் அந்தக் கணத்தில் முதல் கதவு மூடி இரண்டாவது திறக்கும், காத்திருந்தது க்யூவில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு டேட்டாவில் என்ன கூத்து நடந்தாலும் அடுத்த ஏற்றம்வரை க்யூ அசையாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, கிளாக்கின் ஏறும் விளிம்பில் மட்டும் கண் திறந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு மூடிவிடுகிற ஒரு பொருளாகத்தான் இது தெரியும். எட்ஜ்-டிரிகர்டு டி ஃபிளிப்-ஃபிளாப். லாட்ச், ஃபிளிப்-ஃபிளாப் என்ற சொற்களை மாற்றி மாற்றிப் பழைய நூல்களில் பயன்படுத்தியிருப்பார்கள். இன்றைக்கு வேலை செய்கிறவர்கள் பேச்சில் மட்டத்தைப் பார்ப்பது லாட்ச், விளிம்பைப் பார்ப்பது ஃபிளிப்-ஃபிளாப்.

ஜேகே பற்றி இரண்டு வார்த்தை. எஸ்ஆர்-இல் வீணாகும் ‘இரண்டும் 1’ நிலைக்கு ‘இருப்பதைத் திருப்பிப் போடு’ என்ற வேலையைக் கொடுத்தால் அது ஜேகே. கேட்களைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியிருந்த காலத்தில் இது பெரிய வசதி. ஐசி-யை (ஒரே சில்லுக்குள் அடங்கிய சர்க்யூட்டை) கண்டுபிடித்த ஜாக் கில்பியின் பெயரிலிருந்துதான் அந்த எழுத்துகள் வந்தன என்று வகுப்புக்கு வகுப்பு ஒரு கதை சுற்றுகிறது. கில்பி தன் முதல் ஐசி-யைச் செய்து காட்டியது 1958-இல். அதே ஆண்டு வந்த கணினி வடிவமைப்பு நூலிலேயே ஜேகே இருக்கிறது, எனவே கதை பொருந்தவில்லை. இன்றைய சிப்புக்குள் ஜேகேயைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. டி ஃபிளிப்-ஃபிளாப்பின் முன்னால் இரண்டு கேட் வைத்தால் ஜேகேயாகிவிடும், க்யூ-பாரைத் திருப்பி டேட்டாவுக்கே கொடுத்தால் டாகிளாகிவிடும். பிறகு எதற்கு நான்கு வகை? பாடத்திட்டங்கள் ஜேகேக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியை அடுத்து வரும் விஷயத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

கண் சிமிட்டும் நேரம்

விளிம்பில் படம் எடுக்கிறது என்றேன். கேமராவுக்கு முன்னால் ஆள் அசைந்தால் படம் கலங்கும் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். விளிம்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் டேட்டா அசையாமல் இருக்க வேண்டும், அது செட்-அப் டைம். விளிம்பு தாண்டியும் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்க வேண்டும், அது ஹோல்டு டைம். பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் சொருகியே சர்க்யூட் கட்டிப் பார்க்கும் பலகை) பலரும் முதலில் சொருகிப் பார்க்கும் 7474 என்ற ஐசி-யில் இரண்டு டி ஃபிளிப்-ஃபிளாப்புகள் இருக்கும். அதன் டேட்டாஷீட்டைத் திறந்தால் செட்-அப் 20 நானோ நொடி, ஹோல்டு 5 நானோ நொடி என்று போட்டிருக்கும். அந்த 25 நானோ நொடிக்குள் மட்டும் தொடாதே, மற்ற நேரமெல்லாம் உன் இஷ்டம் என்று அர்த்தம்.

ஒரு பிராசசரின் கிளாக் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து பிட் புறப்பட்டு, நடுவில் இருக்கும் காம்பினேஷனல் கேட்களைக் கடந்து, அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பின் வாசலுக்கு அதன் செட்-அப் தொடங்குவதற்குள் வந்து சேர வேண்டும். விளிம்பு வந்தபின் க்யூ மாற 1 நானோ நொடி, நடுவில் 6, செட்-அப்புக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 8 நானோ நொடி, அதாவது நொடிக்கு 12.5 கோடி துடிப்புகள், 125 மெகாஹெர்ட்ஸ். சிப்புக்குள் இப்படி லட்சக்கணக்கான பாதைகள் இருக்கும். அவற்றில் மிக நீளமான ஒன்றுதான் மொத்த சிப்பின் வேகத்தையும் தீர்மானிக்கும். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது என்கிற மாதிரி.

செட்-அப் தவறினால் கிளாக்கை மெதுவாக்கித் தப்பித்துவிடலாம். 125 ஓடவில்லையா, 100-இல் ஓட்டு. ஹோல்டு தவறினால் அந்தத் தப்பிப்பு கிடையாது. ஹோல்டு தவறுவது பாதை நீளமாக இருப்பதால் வருவதில்லை, குட்டையாக இருப்பதால் வருகிறது. இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளை நடுவில் எதுவும் இல்லாமல் நேராகக் கோத்திருக்கிறீர்கள். கிளாக் கம்பியின் நீளம் காரணமாக இரண்டாவதுக்கு விளிம்பு கொஞ்சம் தாமதமாகப் போகிறது. அதற்குள் முதலாவது புது பிட்டை அனுப்பிவிட்டது. இரண்டாவது பழைய பிட்டைப் படம் எடுக்க வேண்டிய கணத்தில் புதியது வந்து முன்னால் நிற்கிறது. இதெல்லாம் ஒரே விளிம்பைச் சுற்றி நடக்கும் போட்டி. அடுத்த விளிம்பு ஒரு நானோ நொடி கழித்து வந்தாலும் ஒரு நாள் கழித்து வந்தாலும் இதில் மாற்றமே இருக்காது. சிப் கைக்கு வந்த பிறகு ஹோல்டு பிழையைக் கண்டால் பெரும்பாலும் அதைத் தூக்கிப் போடுவதுதான் வழி. வடிவமைக்கும்போதே குட்டைப் பாதைகளில் வேண்டுமென்றே, வந்ததை அப்படியே கடத்தும் சில பஃபர் கேட்களைச் சொருகித் தாமதப்படுத்துவதும், கிளாக் கம்பியை மரக்கிளை போலப் பிரித்துப் பிரித்து எல்லா மூலைக்கும் ஒரே நேரத்தில் சேரப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

எண்ணுவது என்னும் வேலை

க்யூ-பாரை டேட்டாவுக்கே திருப்பிக் கொடுத்த ஃபிளிப்-ஃபிளாப் ஒவ்வொரு விளிம்புக்கும் புரண்டு படுக்கும். இரண்டு துடிப்பு உள்ளே போனால் ஒரு துடிப்பு வெளியே வரும். அதாவது இரண்டால் வகுக்கிறது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. விசித்திரமான எண்ணாகத் தெரிந்தால், இரண்டால் வகுத்துக்கொண்டே வாருங்கள்: 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது வகுத்தலில் சரியாக 1 வரும். பதினைந்து ஃபிளிப்-ஃபிளாப்புகளை வால் பிடித்துக் கோத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்புதான் முள்ளைத் தள்ளுகிறது.

ஒன்றன் அவுட்புட்டே அடுத்ததன் கிளாக்காக இருக்கும் இந்தக் கோர்வைக்கு ரிப்பிள் கவுண்டர் என்று பெயர். கடைசி அவுட்புட் மட்டும் போதும் என்றால் பிரமாதமான சர்க்யூட். ஆனால் நடுவில் இருக்கும் எண்ணைப் படிக்கப் போனால் மோசம் போவோம். நான்கு பிட் கவுண்டர் 7-லிருந்து 8-க்குப் போகிறது, 0111 என்பது 1000 ஆக வேண்டும். கடைசி பிட் முதலில் மாறும்: 0110. அது அடுத்ததை மாற்றும்: 0100. அது அடுத்ததை: 0000. அப்புறம்தான் 1000. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஆறு, நான்கு, சுழியம் என்று மூன்று பொய்கள் கண நேரம் தலைகாட்டிவிட்டுப் போகின்றன. எல்.ஈ.டி.-யில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்த எண் சுழியமானதும் ஒரு மோட்டாரை நிறுத்து என்று கேட் வைத்திருந்தால், ஏழாவது எண்ணிக்கை முடியும்போதே மோட்டார் நின்றாலும் நிற்கும்.

இதனால்தான் சிங்க்ரனஸ் கவுண்டர். எல்லா ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் ஒரே கிளாக், அடுத்த எண் என்ன என்பதை நடுவில் இருக்கும் கேட்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒவ்வொன்றின் வாசலிலும் வைத்துவிடும். விளிம்பு வரும்போது எல்லாம் சேர்ந்து மாறும். இதைக் கொஞ்சம் பொதுவாக்கினால் ஸ்டேட் மெஷின் வந்துவிடும்: ஃபிளிப்-ஃபிளாப்புகளில் இருக்கும் எண்தான் ‘இப்போது எந்த நிலை’, கேட்கள் சொல்வது ‘அடுத்து எந்த நிலை’. 1955-இல் ஜார்ஜ் மீலியும் 1956-இல் எட்வர்ட் மூரும் இதற்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். அவுட்புட் நிலையை மட்டும் பொறுத்தது என்றால் மூர் வகை, இன்புட்டையும் உடனுக்குடன் பொறுத்தது என்றால் மீலி வகை. லிஃப்ட், வாஷிங் மெஷின், உதாரணங்கள் உங்களுக்கே தெரியும்.

அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து நிலை உள்ள மெஷினுக்கு மூன்று ஃபிளிப்-ஃபிளாப் வேண்டும், மூன்றுக்கு எட்டு நிலைகள் உண்டு. மீதி மூன்றும் ‘வராது’ என்று விட்டுவிடுவது வழக்கம். மின்சாரம் வரும்போது வளையம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும் என்று பார்த்தோமே, ரீசெட் ஒழுங்காக இல்லையென்றால் அந்த மூன்றில் ஒன்றில் போய் விழலாம். அங்கிருந்து வெளியே வர வழி வைக்கவில்லையென்றால் மெஷின் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்று நாம் சொல்லும் சில கோளாறுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

விரலுக்குக் கிளாக் தெரியாது

இனி நம் விளக்குக்கு வருவோம். டாகிள் ஃபிளிப்-ஃபிளாப்பின் கிளாக் காலில் பட்டனைக் கட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 7474-ஐப் பிரெட்போர்டில் சொருகி, பட்டனை அழுத்தினேன். எரிந்தது. மறுபடி அழுத்தினேன், எரிந்துகொண்டே இருந்தது. இன்னொரு முறை, அணைந்தது. ஐசி போச்சு என்று மாற்றினேன், அப்புறம் கம்பிகளை மாற்றினேன். அடுத்த நாள் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பட்டனுக்குள் இருக்கும் இரண்டு உலோகத் தகடுகள் மோதும்போது பந்து தரையில் விழுந்த மாதிரி சில முறை துள்ளிவிட்டுத்தான் அமர்கின்றன. நமக்கு ஒரு அழுத்தம், ஃபிளிப்-ஃபிளாப்புக்கோ சில மில்லி நொடிக்குள் ஐந்தாறு விளிம்புகள். ஒற்றைப்படையாக வந்தால் விளக்கு மாறும், இரட்டைப்படையாக வந்தால் மாறாது.

இதற்கு மருந்து, நாம் தாண்டி வந்த பழைய எஸ்ஆர் லாட்ச். இரு பக்கத் தொடுமுனை உள்ள ஸ்விட்ச்சின் ஒரு முனையைச் செட்டுக்கும் மறுமுனையை ரீசெட்டுக்கும் கொடுத்தால், தகடு முதல் முறை தொட்டதுமே லாட்ச் சாய்ந்துவிடும். பிறகு துள்ளித் துள்ளித் தொட்டாலும் ‘செட்’ என்று ஏற்கெனவே சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதாகத்தான் ஆகும். துள்ளும் தகடு எதிர் முனைவரை போவதில்லை என்பதால் ரீசெட் ஆகாது.

துள்ளலை அடக்கிவிட்டோம். ஆனால் அந்த ஒரு சுத்தமான விளிம்பும் சிப்பின் கிளாக்கைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு நாளில்லை ஒரு நாள் அது சரியாகச் செட்-அப், ஹோல்டு நேரத்துக்குள் வந்து விழும். அப்போது ஃபிளிப்-ஃபிளாப்பின் முதல் வளையம் பாதி தள்ளப்பட்ட நிலையில் கதவு மூடிக்கொள்ளும். வளையத்துக்கு இரண்டு உறுதியான நிலைகள் என்றேன். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இரண்டுக்கும் நட்ட நடுவில், மலைமுகட்டில் நிறுத்தி வைத்த உருண்டையைப் போல. அங்கே வோல்டேஜ் 0-உம் இல்லை, 1-உம் இல்லை. எஸ்ஆர் லாட்ச்சில் இரண்டையும் ஒன்றாக விட்டபோது பார்த்த அதே இழுபறி. இதை மெட்டாஸ்டபிலிட்டி என்கிறார்கள். உருண்டை எப்படியும் ஒரு பக்கம் விழுந்துவிடும். எப்போது விழும் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.

1970-கள் வரை இதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1973-இல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சேனியும் சார்லஸ் மோல்னாரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை, ஃபிளிப்-ஃபிளாப்புகள் இப்படி நடுவில் தொங்குவதை ஆதாரத்தோடு முன்வைத்தது. இதைத் தடுக்கும் சர்க்யூட் கிடையாது. நிகழும் வாய்ப்பைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் குறையும் விகிதம் நமக்குச் சாதகமானது. ஒவ்வொரு வளையத்துக்கும் டௌ என்று ஒரு நேர அளவு உண்டு. ஒரு டௌ கூடுதலாகக் காத்திருந்தால் தோல்வி வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு குறையும். பத்து டௌ காத்திருந்தால் 22,000 மடங்கு. இருபது காத்திருந்தால் 48 கோடி மடங்கு. எனவே வெளியிலிருந்து வரும் எந்தச் சிக்னலையும் நேராக உள்ளே விடாமல், இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளை அடுத்தடுத்து வைத்து அவற்றின் வழியாக விடுகிறார்கள். முதலாவது தடுமாறினாலும், இரண்டாவது பார்ப்பதற்குள் ஏறக்குறைய ஒரு முழு கிளாக் நேரம் அதற்குக் கிடைத்துவிடும். வேலை ஒன்றும் செய்யாமல், தாமதத்தை மட்டுமே சேர்க்கும் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகள். பார்ப்பதற்கு வீண் செலவு போலத் தெரியும் இவற்றை யாராவது ‘சிக்கனம்’ பார்த்து எடுத்துவிட்டால், சாதனம் மாதத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் உறையும், பரிசோதனைக் கூடத்தில் எத்தனை முறை முயன்றாலும் உறையாது.

இந்த வைத்தியம் ஒரு பிட்டுக்குத்தான் செல்லும். நான்கு பிட் எண்ணை ஒரு கிளாக்கின் ராஜ்யத்திலிருந்து வேறொரு கிளாக்கின் ராஜ்யத்துக்கு அனுப்ப வேண்டும் என்றால், ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனியாக இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வைத்தால் போதாது. 0111 என்பது 1000 ஆகும் கணத்தில் மறுபக்கம் படம் எடுத்தால், தடுமாறிய ஒவ்வொரு பிட்டும் தன் இஷ்டத்துக்குப் பழையதாகவோ புதியதாகவோ விழும். பதினாறு எண்களில் எது வேண்டுமானாலும் கிடைக்கலாம். இதற்கு ஃபிராங்க் கிரேயின் பெயரால் வழங்கும் குறியீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஒரே ஒரு பிட்தான் மாறும். 7 என்பது 0100, 8 என்பது 1100. முதல் பிட் தடுமாறி எந்தப் பக்கம் விழுந்தாலும் மறுபக்கத்துக்குக் கிடைப்பது 7 அல்லது 8. ஒரு கிளாக் முன்னே பின்னே இருக்கலாம், இல்லாத எண் வராது.